மேய்ப்பரைத் தேர்வது யார்? மாத்தளையிலிருந்து ஒரு மதிப்பீடு

2025 ஒக்டோபர் 3ஆம் திகதி, அடுத்த கான்டர்பரிப் பேராயராக சாரா முல்லலியின் பெயர் இலண்டனில் அறிவிக்கப்பட்டது. அந்தப் பதவிக்குத் தெரிவான முதற்பெண் அவர். ஒக்டோபர் 16ஆம் திகதி பழமைவாத அங்கிலிக்கன்களின் கூட்டமைப்பான கஃப்கொன், அதன் தலைவரான ருவாண்டாப் பேராயர் லோறன்ட் ம்பண்டாவின் பெயரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. கான்டர்பரியை இனி ஒற்றுமையின் மையமாக ஏற்கமாட்டோம், உலக அங்கிலிக்கன் ஐக்கியத்தை நாங்களே மறுபடி ஒழுங்கமைக்கிறோம் என்பது அதன் சாரம்.

இந்த இரண்டு செய்திகளையும் இலங்கையில் பலர் வெளிநாட்டுச் செய்தியாகவே வாசித்திருப்பார்கள். மாத்தளை மாவட்டத்து அங்கிலிக்கன்கள் அப்படி வாசிக்க இயலாது. இலங்கைத் திருச்சபை கொழும்பு, குருநாகல் என்ற இரண்டே மறைமாவட்டங்களைக் கொண்டது. மாத்தளை குருநாகலுக்கு உட்பட்டது. இரண்டு ஆயர்களுக்கும் மேலே உள்நாட்டில் ஒரு பேராயர் கிடையாது. அந்த இடத்தில் சட்டப்படி இருப்பவர் கான்டர்பரிப் பேராயர். ஆயர் தேர்தலில் வேண்டிய பெரும்பான்மை கிடைக்காமல் போனால் முடிவு அவரிடம் போகிறது. 2011இல் கொழும்பு ஆயராகப் பொறுப்பேற்ற டிலோராஜ் கனகசபையின் நியமன அறிவிப்பும், 2020இல் பொறுப்பேற்ற துஷாந்த ரொட்ரிகோவின் நியமன அறிவிப்பும் கான்டர்பரியிலிருந்தே வந்தன. ஆகவே ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஞாயிறு ஆராதனைக்கு வரும் ஒரு குடும்பத்துக்கும் இலண்டனில் நடக்கும் தேர்வுக்கும் நேரான தொடர்பு இருக்கிறது.

கேள்வி இதுதான்: தாராளவாதிகளும் பழமைவாதிகளும் பிரிந்து நிற்கும் இக்காலத்தில், இந்தச் சபைகளின் மேய்ப்பரைத் தேர்வதில் கடைசிச் சொல் யாருடையதாக இருக்க வேண்டும்? கான்டர்பரியுடையதா, கஃப்கொன் போன்ற புதிய அணியுடையதா, இலங்கைத் திருச்சபையுடையதா? மூன்று அளவுகோல்களை வைத்து இதை நிறுத்துப் பார்க்கலாம். தேர்வில் மந்தைக்கு உண்மையான பங்கு இருக்கிறதா? தெரிவானவர் தம்மைத் தெரிவுசெய்த அணிக்குக் கட்டுப்படாமல் எல்லாருக்கும் மேய்ப்பராக இருக்க முடியுமா? தகராறு முற்றினால் நீதியாக முடித்துவைக்க ஒரு வழி இருக்கிறதா?

கூலி மிஷனும் முப்பது வயது ஆயரும்

இந்தக் கேள்வி மலைநாட்டுக்குப் புதிதன்று. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதையில் காடு கடந்து, தம்புள்ளையையும் நாலந்தையையும் தாண்டி மாத்தளை வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து சுற்றியிருந்த மலைகளின் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். 1854இல் தோட்டத் துரைமார் சிலரின் முயற்சியால் தமிழ் கூலி மிஷன் உருவானது. மேற்பார்வைக்கு மிஷனரியை அனுப்பியது சி.எம்.எஸ். என்ற திருச்சபை மிஷனரிச் சங்கம். உபதேசியார்களின் சம்பளத்துக்கு வேண்டிய பணத்தைத் துரைமார் திரட்டினார்கள். முதலில் பொறுப்பேற்ற செப்டிமஸ் ஹொப்ஸ் திருநெல்வேலியில் ஊழியம் செய்து தமிழறிந்தவர். உபதேசியார்களும் திருநெல்வேலியிலிருந்தே வந்தார்கள். தோட்டம் தோட்டமாக நடந்து, பெரட்டுக்களத்திலும் லய வாசலிலும் பிரசங்கித்து, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்கள் அவர்கள்தாம்.

1876இல் கொழும்பின் ஆயராக வந்து இறங்கினார் ரெஜினால்ட் கொப்பல்ஸ்டன். அப்போது அவருக்கு வயது முப்பது. திருச்சடங்குகளையும் ஆயர் பதவியின் புனிதத்தையும் உயர்த்திப் பிடித்த ஒக்ஸ்போர்ட் மரபில் வந்தவர். சி.எம்.எஸ். மிஷனரிமாரோ வேதாகமப் பிரசங்கத்தை முதன்மையாகக் கொண்ட சுவிசேஷ அணியினர். இன்றைய தாராளவாதம், பழமைவாதம் என்ற பிரிவினை அன்று இந்த உருவத்தில் இல்லை. ஆனால் ஒரே திருச்சபைக்குள் இரண்டு கட்சிகள், ஒன்றின் பக்திமுறையை மற்றது சந்தேகித்த நிலை, அதன் நடுவே ஒரு தலைமைப் பதவி என்ற அமைப்பு இன்றைக்கும் அன்றைக்கும் ஒன்றே.

வந்த சில மாதங்களிலேயே மோதல் வெடித்தது. காரணம் கூலி மிஷன். ஒவ்வொரு தோட்டப் பகுதியிலும் இருந்த குருவானவரே அங்குள்ள ஆங்கிலேயருக்கும் தமிழருக்கும் பொறுப்பாளர் என்றும், உபதேசியார்கள் அவருக்குக் கீழே வேலை செய்ய வேண்டும் என்றும் ஆயர் விரும்பினார். மிஷனரிமார் மறுத்தார்கள். ஆயர் சி.எம்.எஸ். ஊழியர்களின் உரிமங்களைத் திரும்பப் பெற்றார். பீடத்தின் அமைப்பு, வழிபாட்டுச் சடங்குகள், திருவிருந்தில் ஒன்றாகப் பங்குபற்றுவது என்று பூசல் விரிந்து நான்கு ஆண்டுகள் நீடித்தது. 1880இல் கான்டர்பரிப் பேராயர் டெய்ட், டர்ஹம் ஆயர் லைட்ஃபுட் உட்பட இங்கிலாந்தின் ஐந்து பெரிய ஆயர்கள் தம் கருத்துரையை வழங்கிய பிறகே சமாதானத்துக்கு வழி பிறந்தது.

இரு தரப்பையும் நேர்மையாக நிறுத்துப் பார்ப்போம். கொப்பல்ஸ்டனின் அடிப்படைக் கொள்கையில் பலம் உண்டு. ஒரு ஆயர் தம் மறைமாவட்டத்தில் யார் பிரசங்கிக்கிறார், யார் ஞானஸ்நானம் கொடுக்கிறார் என்பதைத் தீர்மானிக்க முடியாதென்றால் அவர் வெறும் அலங்காரம். இலண்டனில் இருந்த ஒரு சங்கத்தின் குழு, இலங்கை மலைகளில் யார் எங்கே ஊழியம் செய்வது என்று ஒழுங்கு செய்தது திருச்சபையின் இயல்புக்குப் பொருந்தாது. இங்கிலீஷ் சபை ஒரு குருவுக்கு, தமிழ்ச் சபை வேறொரு சங்கத்துக்கு என்ற பிரிப்பு, துரையின் சபையையும் கூலியின் சபையையும் நிரந்தரமாக வேறாக்கிவிடும் என்ற அச்சமும் நியாயமானதே.

ஆனால் அவருடைய திட்டம் மலையின் நடைமுறைக்கு முன்னால் நிற்கவில்லை. தோட்டத்துத் துரைமாருக்காக வைக்கப்பட்ட ஆங்கிலக் குருமாரில் எத்தனை பேருக்கு லயத்தில் இருப்பவரோடு தமிழில் பேச முடியும்? நோயாளியின் படுக்கையருகே அவர்களில் யார் தமிழில் ஜெபிப்பார்? இந்த இடத்தில் சி.எம்.எஸ். தரப்பே சரி. மந்தையின் மொழியறியாதவரிடம் மந்தையை ஒப்படைப்பது ஒழுங்கைக் காப்பாற்றி ஊழியத்தைக் கொல்லும். உரிமங்களைப் பிடுங்கிய முறையோ இன்னும் பெரிய தவறு. விளக்கிச் சம்மதம் பெற வேண்டிய இடத்தில் அவர் அதிகாரத்தைக் காட்டினார்.

சி.எம்.எஸ். தரப்பின் தவறும் சிறிதன்று. தங்களுக்கு ஒத்துவரும் ஆயர் இருந்தபோது அவர் அதிகாரத்தை ஏற்றவர்கள், ஒத்துவராத ஆயர் வந்ததும் சங்கத்தின் அதிகாரத்தை எடுத்துக் காட்டினார்கள். இன்றைய இரண்டு அணிகளிடமும் இதே குணம் உண்டு. பிடித்த தலைமை இருக்கும்வரை ஒழுங்கைப் பேசுவதும், பிடிக்காத தலைமை வந்ததும் மனச்சாட்சியைப் பேசுவதும் யாருக்கும் எளிது.

இரு தரப்பும் சேர்ந்து செய்த தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது. பூசல் தமிழ்ச் சபைகளைப் பற்றியது. அதை முடித்துவைத்த ஐவரும் ஆங்கிலேய ஆயர்கள். உபதேசியார்களுக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் துரைமார். மாத்தளையின் லயங்களில் வாழ்ந்த ஒரு தமிழ்க் கிறிஸ்தவருக்கும் அந்த மேசையில் இடம் கிடைக்கவில்லை. முதல் அளவுகோலில் இரு தரப்பும் தோற்றன.

பாக்கு நீரிணைக்கு அப்பால்

அதே காலத்தில் அந்த உபதேசியார்களின் ஊரான திருநெல்வேலியில் வேறொரு விடை முயலப்பட்டது. அங்கும் சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. (சுவிசேஷம் பரப்பும் சங்கம்) என்ற இரண்டு மிஷனரிச் சங்கங்கள் பக்கம் பக்கமாக வேலை செய்தன. 1877 மார்ச் 11ஆம் திகதி கல்கத்தாவில் இரண்டு துணை ஆயர்கள் அபிஷேகம் செய்யப்பட்டார்கள். சி.எம்.எஸ். சபைகளுக்கு எட்வர்ட் சார்ஜென்ட், எஸ்.பி.ஜி. சபைகளுக்கு ரொபர்ட் கால்டுவெல். ஒரே ஜில்லாவுக்குள் நிலத்தின்படி பிரிக்காமல் சங்கத்தின்படி பிரித்துக் கொடுக்கப்பட்ட ஆயர் பொறுப்பு அது.

இன்று கஃப்கொன் பக்கம் சாயும் சிலர் கேட்பதும் ஏறக்குறைய இதுவே: ஒரே இடத்தில், கொள்கைக்கு ஏற்ற வேறொரு ஆயரின் கண்காணிப்பு. திருநெல்வேலி அனுபவம் இதற்கு ஆதரவாகவும் எதிராகவும் சாட்சி சொல்கிறது. ஆதரவு என்னவென்றால், அங்கே கொழும்பைப்போல உரிமங்கள் பறிபோகவில்லை. இரண்டு ஆயர்களும் பல பத்தாண்டுகள் தமிழோடும் தமிழரோடும் வாழ்ந்தவர்கள். சார்ஜென்ட் பாளையங்கோட்டையிலும் கால்டுவெல் இடையன்குடியிலும் சபைகளோடு சபைகளாக இருந்தார்கள். மந்தையை அறிந்தவர் மேய்ப்பராக இருந்தால், அமைப்பில் குறையிருந்தாலும் ஊழியம் நடக்கும் என்பதற்கு அது அத்தாட்சி.

எதிர்ச் சாட்சியோ வலுவானது. கட்சிக்கு ஓர் ஆயர் என்றால், ஒவ்வொரு கட்சியும் தன்னைத்தானே திருச்சபையாக எண்ணத் தொடங்கும். சங்கங்களின் எல்லைக்கோடு சபைகளுக்குள் ஆழப் பதிந்தது. அந்த இரட்டை ஏற்பாடு இருவரின் ஆயுளோடு முடிந்துபோனது. 1896இல் திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் சேர்த்து ஒரே மறைமாவட்டமும் ஒரே ஆயரும் வந்தபோதுதான் முறையான திருச்சபை அமைப்பு பிறந்தது. அந்த மண்ணின் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா, 1912இல் தோர்ணக்கல்லின் ஆயராகி முதல் இந்திய அங்கிலிக்கன் ஆயர் ஆனார். கட்சிக்கு ஒரு ஆயர் என்ற வழி ஓர் இடைக்கால ஒத்திவைப்பு. அதையே நிலையான தீர்வாகக் கொண்டால், அடுத்த தலைமுறையின் பிரிவினையை இன்றே எழுதிக் கொடுத்தவர்களாவோம்.

அரசிடமிருந்து பேரவைக்கு

இலங்கையில் பூசல் தீர்ந்த மறுவருடமே பெரிய மாற்றம் வந்தது. திருச்சபைக்கு அரசு கொடுத்துவந்த பணத்தை நிறுத்தும் சட்டம் 1881இல் நிறைவேறியது. குருமாரும் பொதுநிலையினரும் சேர்ந்து அமரும் பேரவை அதைத் தொடர்ந்து உருவானது. பௌத்தரும் சைவரும் செலுத்திய வரியில் ஆயருக்குச் சம்பளம் கொடுத்த அநீதி முடிந்தது. அதோடு, தன் ஆட்சியைத் தானே நடத்தும் பொறுப்பும் திருச்சபையின் தோளில் ஏறியது. 1930இல் இந்தியா, பர்மா, இலங்கைத் திருச்சபை இங்கிலாந்துச் சட்டத்தின் பிடியிலிருந்து விடுபட்டது. 1945இல் லக்தாச டி மெல் முதல் இலங்கை அங்கிலிக்கன் ஆயரானார். 1950இல் குருநாகல் மறைமாவட்டம் பிறந்தபோது அதன் முதல் ஆயரும் அவரே.

அந்த ஆண்டுகளை மாத்தளையின் தமிழ்ச் சபைகள் வேறு விதமாக நினைவுகொள்ளும். குருநாகல் மறைமாவட்டம் பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால், 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் பெரும்பகுதியை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுக்கவும் எழுதியது. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருந்த பல குடும்பங்கள் கப்பலேறிப் போயின. நாட்டில் வாக்கில்லாத மக்களுக்குத் திருச்சபையின் வாக்கும் எட்டவில்லை. டி மெல் எழுப்பிய குருநாகல் பேராலயம் கண்டியக் கட்டடக்கலையில் எழுந்தது. சுதேசத் திருச்சபையை அமைக்கும் அந்த முயற்சி மெச்சத் தக்கது. ஆனால் அந்தச் சுதேசத்தின் முகம் பெரும்பாலும் சிங்கள முகம். லயத்துச் சபைகளின் முகம் அதில் போதிய அளவு தெரியவில்லை.

இதே மறைமாவட்டம் லக்ஷ்மன் விக்கிரமசிங்கவையும் தந்தது. 1962இல், முப்பத்தைந்து வயதில், அவர் குருநாகலின் ஆயரானார். மனித உரிமைகளுக்காகப் பகிரங்கமாக நின்றவர். 1983 ஜூலையில் மாத்தளை நகரத்துத் தமிழர் கடைகளும் எரிந்தன. அந்த வன்செயல்களுக்குப் பிறகு, தம் மறைமாவட்டப் பேரவைக்கு ஆற்றிய இறுதி உரையில், நடந்ததற்குச் சிங்களவர் வெட்கப்பட்டுத் தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அந்தச் சிங்கள ஆயர் சொன்னார். அதே ஆண்டு ஒக்டோபரில் இறந்தார். கட்சிக்கும் இனத்துக்கும் அப்பால் நின்று மந்தை முழுவதற்கும் மேய்ப்பராவது எப்படி என்பதற்கு அவரைவிட நல்ல சான்று நம்மிடம் இல்லை. அந்தத் தலைமை இலங்கைத் திருச்சபையின் சொந்த வாழ்விலிருந்து எழுந்தது. இலண்டனிலிருந்து அனுப்பப்படவில்லை.

மூன்று உரிமையாளர்கள்

இப்போது நிகழ்காலத்தின் மூன்று உரிமைக்கோரல்களையும் எடுத்துக்கொள்வோம்.

கான்டர்பரிப் பேராயரைத் தெரிவுசெய்யும் ஆணைக்குழுவில் வாக்குரிமையுள்ளவர்கள் பதினேழு பேர். உலக அங்கிலிக்கன் ஐக்கியத்துக்கு முன்பு ஓர் இடம் இருந்தது. 2022இல் அது ஐந்தாக உயர்ந்தது. அந்த ஐந்தில் மத்திய கிழக்குக்கும் ஆசியாவுக்கும் சேர்த்து ஓர் இடம். தெரிவான பெயர் பிரித்தானியப் பிரதமர் வழியாக மன்னருக்குப் போகிறது. 1948இல் சுதந்திரம் பெற்று 1972இல் குடியரசான நாட்டின் திருச்சபைக்குத் தலைமைப் பேராயர், வேறொரு நாட்டின் முடியால் நியமிக்கப்படுகிறார். முல்லலியின் தகுதியையோ அவர் பெண் என்பதையோ இங்கே குறை சொல்லவில்லை. தென்னிந்தியத் திருச்சபை 2013இலேயே நந்தியாலில் புஷ்பலலிதாவைப் பெண் ஆயராக ஏற்றது. இலங்கைத் திருச்சபையும் பெண்களைக் குருக்களாக அபிஷேகம் செய்கிறது. குறை அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. முதல் அளவுகோலில் அது தேறாது.

மூன்றாம் அளவுகோலில் கான்டர்பரிக்கு ஒரு நியாயம் உண்டு. உள்ளூரில் இரண்டு அணிகள் முட்டிக்கொண்டால், இரண்டுக்கும் வெளியே நிற்கும் ஒருவர் முடிவு சொல்லலாம். சிறுபான்மைத் தமிழருக்கு இது ஒரு பாதுகாப்பு என்று கருதுவோர் உண்டு. அந்தக் கருத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த நடுநிலையே இன்று உடைந்திருக்கிறது. 2023 பெப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபையின் பேரவை ஒருபாலினத் தம்பதியருக்கான ஆசீர்வாத ஜெபங்களை ஏற்றது. சில நாட்களிலேயே உலகத் தெற்கின் பேராயர்கள் ஜஸ்டின் வெல்பியை ஐக்கியத்தின் தலைவராக ஏற்க மறுத்தார்கள். பாலியல் வன்கொடுமை செய்த ஜோன் ஸ்மைத்தின் வழக்கைக் கையாண்ட விதம் குறித்த அறிக்கைக்குப் பிறகு வெல்பி 2024 நவம்பரில் பதவி விலகலை அறிவித்தார். தன் வீட்டுப் பூசலில் ஒரு தரப்பாகிவிட்ட பதவியை நாம் நடுவராக வைத்திருப்பது இனி நமக்கும் அதற்கும் நல்லதன்று. 2024 டிசம்பரில் அங்கிலிக்கன் ஐக்கியத்தின் ஓர் ஆணைக்குழு வெளியிட்ட நைரோபி கெய்ரோ முன்மொழிவுகளே, கான்டர்பரியைச் சுற்றிய பழைய ஏற்பாட்டைத் தளர்த்தி, தலைமைப் பொறுப்பை உலகத் திருச்சபைகளிடையே சுற்றவிட வேண்டும் என்றன.

கஃப்கொனின் வாதத்தில் உண்மையின் பங்கு பெரிது. ஒரு நாட்டின் முடி நியமிக்கும் ஒருவரை உலகமெங்கும் உள்ள அங்கிலிக்கன்களின் மையமாக வைத்திருப்பது காலனி ஆட்சியின் எச்சம் என்று அவர்கள் சொன்னால் மறுக்க முடியாது. 1998 லம்பெத் மாநாட்டின் தீர்மானம், திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலான வாழ்நாள் உறவு என்றது. அதிலிருந்து 2003இல் அமெரிக்கத் திருச்சபை ஒருபாலின உறவில் வாழ்ந்த ஜீன் ரொபின்சனை ஆயராக்கி விலகியபோதும், பின்னர் இங்கிலாந்து விலகியபோதும், மற்றவர்களின் சம்மதம் கேட்கப்படவில்லை என்ற அவர்களின் மனக்குறை பொய்யன்று. மாத்தளையின் சபைகளில் திருமணம் பற்றி மரபான போதனையில் நிற்போர் பலர். அவர்களைப் பிற்போக்கர் என்று தள்ளிவிடும் பேச்சு அன்பில்லாதது, அறிவுமற்றது.

ஆனால் கஃப்கொன் 2025 அறிக்கையில் முன்வைத்த மாற்று, பேராயர்களின் ஒரு மன்றம். இலண்டன் குழுவின் இடத்தில் வேறொரு தூரதேசக் குழு வந்து அமர்கிறது. மாத்தளையின் எல்கடுவைத் தோட்டத்துச் சபையாருக்கு அங்கும் இடமில்லை. அதைவிடக் கவலை தருவது, ஒரே ஒரு கேள்வியை வைத்து மேய்ப்பர்களை அளப்பது. இலங்கையின் தண்டனைச் சட்டக் கோவை 365ஆம், 365அ பிரிவுகளின் கீழ் ஒருபாலின உறவை இன்றும் குற்றமாகப் பார்க்கிறது. 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம், அந்தக் குற்றவாக்கத்தை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று தீர்மானித்தது. போதனை எதுவானாலும், அப்படிப்பட்ட பிள்ளைகளும் நம் சபைகளின் பிள்ளைகளே. அவர்களைச் சிறைக்கு அனுப்பும் சட்டத்துக்கு ஆயர் கைகொடுக்கக் கூடாது. இந்த நாட்டின் ஆயரிடம் கேட்க வேண்டிய வேறு கேள்விகளும் இருக்கின்றன. லயத்தில் வாழும் குடும்பத்துக்குச் சொந்தக் காணி கிடைக்க நிற்பாரா? இனவன்முறை வந்தால் விக்கிரமசிங்கவைப்போல் வாய் திறப்பாரா? தமிழில் நற்கருணை நடத்துவாரா? அணிப் பரீட்சையில் தேறிய ஒருவர் இந்தப் பரீட்சைகளில் தோற்றால் நமக்கு அவரால் பயன் இல்லை. இரண்டாம் அளவுகோலில் கஃப்கொன் தோற்கிறது. அதன் எதிரணியில் நின்று தாராளவாத உறுதிமொழியைக் கேட்டுத் தேர்வு நடத்துவோரும் அதே அளவு தோற்கிறார்கள்.

மூன்றாவது வழி, இலங்கைத் திருச்சபை தனக்கெனப் பேராயரைக் கொண்ட தன்னாட்சி மாகாணமாவது. வரலாறு இங்கே உரக்கப் பேசுகிறது. 1970இல் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கைத் திருச்சபை கலைந்தபோது, பர்மா தனி மாகாணமானது. வட இந்தியத் திருச்சபையும் பாகிஸ்தான் திருச்சபையும் பிறந்தன. பின்னர் பங்களாதேஷ் திருச்சபை தனியே நின்றது. ஒரே வீட்டிலிருந்து பிரிந்தவர்களில் இலங்கை மட்டுமே கான்டர்பரியின் கூரைக்குக் கீழே தங்கியது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அங்கேயே இருக்கிறது.

எதிர்வாதங்களுக்கு விடை

இந்த வழிக்கு எதிராக மூன்று வாதங்கள் வருகின்றன, மூன்றும் மதிப்புக்குரியவை.

முதலாவது, இரண்டு மறைமாவட்டங்களை வைத்து ஒரு மாகாணம் அமைக்க முடியுமா என்பது. நான்கு மறைமாவட்டங்களாவது வேண்டும் என்பது அங்கிலிக்கன் ஐக்கியத்தின் பொது நெறி. ஆனால் பங்களாதேஷ் திருச்சபை பல ஆண்டுகள் டாக்கா, குஷ்தியா என்ற இரண்டே மறைமாவட்டங்களோடு தன்னாட்சித் திருச்சபையாக இருந்தது. கொழும்பு மறைமாவட்டமோ தலைநகரத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை நீள்கிறது. அதைப் பிரிக்க வேண்டிய தேவை மாகாணக் கேள்வி எழாவிட்டாலும் உண்டு. ஆகவே இது தடையன்று. செய்ய வேண்டிய வேலை.

இரண்டாவது, வெளி நடுவர் இல்லாவிட்டால் தேர்தல்கள் நீதிமன்றத்துக்குப் போகும் என்பது. இது வெறும் பயமுறுத்தல் இல்லை. தென்னிந்தியத் திருச்சபையின் தலைமைத் தேர்தல் வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் போனதைத் தமிழ்நாட்டு வாசகர் அறிவர். சொத்தும் பள்ளிகளும் கல்லூரிகளும் ஆயர் பதவியோடு ஒட்டிக்கொண்ட இடத்தில் தேர்தல் அரசியலாகிவிடுகிறது. இதற்கு மருந்து கான்டர்பரி இல்லை. சொத்து நிர்வாகத்தை ஆயரின் கையிலிருந்து பிரித்து வைப்பதும், முடங்கிப்போன தேர்தலை அண்டைத் திருச்சபைகளின் மூன்று அல்லது ஐந்து ஆயர்கள் கொண்ட ஒரு நடுவர் குழுவிடம் ஒப்படைப்பதும்தான் மருந்து. ஆசியாவின் மண்ணையும் சிறுபான்மை வாழ்வையும் அறிந்தவர்களின் தீர்ப்பு, முடியின் நியமனத்தைவிட நியாயமாக இருக்கும்.

மூன்றாவது வாதமே கனமானது. உள்நாட்டுப் பெரும்பான்மையின் கையில் எல்லாம் போய்விட்டால் மலையகத் தமிழ்ச் சபைகள் இன்னும் ஒதுக்கப்படும் என்பது அது. 1948ஐ அனுபவித்த மக்களுக்கு இந்தப் பயம் இயல்பானது. 1987இல் ஜேபஸ் ஞானப்பிரகாசம் கொழும்பின் ஆயரானார் என்பது ஆறுதல் தரும் நினைவு. ஆனால் ஒருவரின் தெரிவு ஒரு மக்களின் பங்குக்கு ஈடாகாது. பேரவையில் இடம் பங்குகளின் வழியாகவே வருகிறது. பதிவேட்டில் பெயர்களும் காணிக்கையும் அதிகமுள்ள நகரச் சபைகளுக்கு அங்கே எப்போதும் பலம் அதிகம். ஒரு குருவானவர் பல தோட்டங்களைச் சுற்றிவரும் சிறிய சபைகளின் குரல் அங்கே தேய்ந்துபோகும். எனவே மூன்றாவது வாதத்துக்கு விடை சொல்லாமல் மாகாணமாவது நீதியாகாது. ஆனால் அதற்காகக் கான்டர்பரியிலேயே தங்குவதும் விடையாகாது. 1876இலிருந்து இலண்டனின் நடுவுநிலை நம் மக்களை மேசைக்கு அழைத்ததில்லை.

தீர்ப்பு

ஆகவே என் தீர்ப்பு இது. இலங்கைத் திருச்சபை கான்டர்பரியின் தலைமைப் பேராயர் ஆளுகையிலிருந்து மரியாதையோடு விடைபெற்று, தன் பேராயரைத் தானே தேரும் மாகாணமாக வேண்டும். கஃப்கொனின் புதிய ஒழுங்கில் சேரவும் கூடாது. கான்டர்பரியோடு ஜெபத்திலும் திருவிருந்திலும் உறவு இருக்கட்டும், கஃப்கொன் சபைகளோடும் அப்படியே. யாருடைய அதிகாரத்துக்கும் இனி உட்படத் தேவையில்லை.

இதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. மாகாணத்தின் யாப்பில் தோட்டச் சபைகளுக்கு, பங்குகளின் பணபலத்தைச் சாராத நிரந்தர இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும். ஆயர் தேர்தலில் அந்த இடங்களுக்கு முழு வாக்கு வேண்டும். சிங்களமும் தமிழும் பேசும் மந்தை உள்ள மறைமாவட்டத்துக்கு ஆயராக வருபவர் இரு மொழியிலும் பிரசங்கிக்கவும் ஆறுதல் சொல்லவும் வல்லவராக இருக்க வேண்டும். தெரிவாகும் முன் யாரிடமும் எந்த அணியின் உறுதிமொழியும் கேட்கக் கூடாது. விசுவாசப் பிரமாணமும் திருச்சபையின் யாப்பும் போதும். இந்த மூன்றும் இல்லாத மாகாணம், இலண்டன் எஜமானுக்குப் பதிலாகக் கொழும்பு எஜமானை வைப்பதில் முடியும். அதை நான் ஆதரிக்கமாட்டேன்.

கொப்பல்ஸ்டன் ஒழுங்கைக் கேட்டார்; சி.எம்.எஸ். மனச்சாட்சிச் சுதந்திரத்தைக் கேட்டது. இரண்டும் தேவையானவை. மந்தையைக் கேட்காததால் இரண்டும் அந்த நான்கு ஆண்டுகளில் கசந்துபோயின. முல்லலியை ஏற்பதா மறுப்பதா என்று இன்று இலங்கைத் திருச்சபைக்குள் எழும் விவாதமும், மாத்தளைத் தோட்டச் சபைகளின் வாக்கைப் பற்றி முதலில் பேசாவிட்டால், அதே தவறை மறுபடியும் செய்யும். அடுத்த மறைமாவட்டப் பேரவை கூடும்போது முதலாவதாக எடுக்க வேண்டிய தீர்மானம் அந்த வாக்கைப் பற்றியதே. கான்டர்பரியைப் பற்றிய தீர்மானம் அதற்குப் பிறகு வரட்டும்.